மேஸ்திரியைச் சுமந்தவர்

ஒகுதானி மலைச்சரிவில் கடைசி வீடு தெய்ஜி அண்ணனுடையது. அதற்கு மேலே ரோடு கிடையாது. ஆறும் காடும்தான். வாரத்துக்கு இரண்டு தடவை என் மளிகை வண்டியை அதுவரை ஓட்டிக்கொண்டு போவேன். டோஃபு, மீன், ரொட்டி, பேட்டரி, வயிற்றுவலி மாத்திரை என்று வண்டிக்குள் எல்லாம் இருக்கும். ஒரே ஓர் ஆளுக்காக அவ்வளவு தூரம் டீசலை எரிக்கிறாளே, இவளுக்கென்ன பைத்தியமா என்று கீழூரில் கேட்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வண்டியைத் திருப்ப அவர் வீட்டு வாசலை விட்டால் வேறு இடமில்லை என்று சொல்லிவிடுவேன்.

உனோ தெய்ஜி என்பது முழுப்பெயர். எழுபதைத் தாண்டியவர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் "யாரும் கேக்கலை" என்பார். நீ யாரையாவது கேட்டாயா என்றால் டோஃபுவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தங்கை ஒருத்தி ஒசாகாவில் இருக்கிறாள். அம்மா போனபிறகு அவளும் வருவதில்லை. இளமையில் அவருக்குக் கட்டுமான வேலை. ரோடு போட்டிருக்கிறார், பாலம் கட்டியிருக்கிறார், மண் சரியாமல் மலைக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார். எங்கள் ஆற்றின் குறுக்கே நிற்கிற தடுப்பணையும் அவர் கை பட்டதுதான். பெருவெள்ளம் கீழூரில் வீடுகளை அடித்துக்கொண்டு போன மறுவருடம் கட்டியது. இரண்டு ஆள் உயரம், செங்குத்தான கான்கிரீட். வேலை முடிந்த அன்று மேஸ்திரி வாங்கிக் கொடுத்த சாக்கே என்கிற அரிசிச் சாராயத்தைக் குடித்துவிட்டு அணைமேல் ஏறி ஆடினாராம். அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது.

அணை கட்டி முடித்த அந்தக் கோடையின் கடைசியில்தான் ஹன்சாக்கிகள் வந்து முட்டின.

ஆற்றில் கிடக்கிற பாறை திடீரென்று வாயைப் பிளந்தால் அதுதான் ஹன்சாக்கி. பல்லிக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். நாலு குட்டைக்கால், தட்டைத் தலை, மிளகு அளவில் கண். பெரியதாக வளர்ந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் நீளம் வரும். அரசாங்கம் பொத்திப் பாதுகாக்கிற பிராணி. அனுமதியில்லாமல் தொட்டாலே குற்றம். முட்டையிடும் காலத்தில் இவை ஆற்றில் மேல்நோக்கி ஏறும், கரைக்கடியில் நல்ல வளையாகத் தேடும். அந்தக் காலம் போன் பண்டிகை முடிந்த கையோடு வரும். செத்தவர்களை விளக்கேற்றி வரவேற்று, விளக்கேற்றியே வழியனுப்பி, பட்டணத்திலிருந்து வந்த பிள்ளைகளும் காரேறிப் போய்விட்டால் மலையில் ஈ காக்கை இருக்காது. தெய்ஜி அண்ணன் வீட்டுக்கோ பண்டிகைக்கே யாரும் வருவதில்லை. ஊர் முழுக்கக் காலியாகிற அந்த வாரத்தில், அவரைத் தேடி வந்த மாதிரி, இவை அணைக்கடியில் வந்து கிடக்கும்.

"மூக்கைக் கான்கிரீட்ல வெச்சு முட்டிக்கிட்டே இருந்துச்சுங்க, நட்சுயோ" என்றார் ஒரு நாள். "தோல் உரிஞ்சு வெள்ளையாத் தெரிஞ்சுது. நான் பூசின சுவரு. வழவழன்னு பூசியிருந்தேன். ஒரு நகம்கூட மாட்டாது."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். முதுகில் மூங்கில் கூடை, கூடைக்குள் நனைத்த சாக்கு. விடிகிற நேரத்தில் அணைக்கடிக்கு இறங்குவார். ஒன்றைத் தூக்கிக் கூடையில் வைத்துக்கொண்டு செங்குத்தான ஒற்றையடிப்பாதையில் ஏறி, மேலே தண்ணீரில் விடுவார். மறுபடி இறங்குவார். வருடா வருடம் இதே வேலை. ஊரில் எல்லாருக்கும் தெரியும். போலீஸ்காரர்கூட அந்த வாரத்தில் அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பமாட்டார்.

அவற்றில் ஒன்று எல்லாவற்றையும்விடப் பெரியது. அசையாமல் கிடந்தே ஆளை வேலை வாங்கும். கொஞ்சம் தாமதித்தால் முறைக்கும். அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்துவிட்டார். தெய்ஜி அண்ணனின் வயலை ஒட்டிக் கல்லடுக்கிய கரை ஒன்று இருக்கிறது. அதன் அடியில், தண்ணீருக்குள் வாய் வைத்த ஒரு வளை. மேஸ்திரியின் குடித்தனம் அங்கேதான். பெட்டை வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். மேஸ்திரிதான் குளிர்காலம் முழுக்க வளையின் வாயில் தலையை நீட்டிக்கொண்டு காவல் காக்கும். குஞ்சுகள் கலைந்து, முக்கால்வாசி ஆற்றோடு அடித்துக்கொண்டு போன பிறகு, அதுவும் பனி உருகி வருகிற தண்ணீரில் அணையைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும், மற்றவையும் அப்படித்தான். ஆகஸ்டில் மறுபடி அணைக்கடியில் வந்து, தூக்கு என்று கிடக்கும்.

ஒரு முறை நான் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டும் ஆளைக் காணோம். வயல் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தெய்ஜி அண்ணன் கரைக்கல்லில் உட்கார்ந்து, கையில் தேநீர்க் கோப்பையோடு, தண்ணீரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் நெல்லு பரவாயில்லை, மேஸ்திரி. பன்னிதான் ரெண்டு பாத்தியைப் பாழாக்கிடுச்சு. கீழ தபாலாபீஸை மூடிட்டாங்களாம். உங்களுக்கென்ன, உங்களுக்குத் தபாலா வருது?"

நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து வண்டியின் ஹாரனை அடித்தேன். எனக்கு அழுகை வந்தது என்று சொல்வதில் என்ன வெட்கம், வந்தது. அதற்கப்புறம் அவருக்காகத்தான் போகிறேன் என்பதை எனக்குள்ளாவது ஒத்துக்கொண்டேன்.

எழுபது வயது முதுகு எத்தனை நாள் சுமக்கும்? ஒரு விடியலில் பாதையில் சறுக்கி விழுந்தார். மேஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை, இவருக்கு விலா எலும்பில் விரிசல். நான்தான் வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் திட்டினேன்.

"திட்டாதே, நட்சுயோ. எனக்கப்புறம் யார் தூக்குவா, சொல்லு."

"யாரும் தூக்கமாட்டா. அவனவன் பெத்தவங்களையே தூக்க மாட்டேங்கறான். இதையா தூக்கப்போறான்?"

"அதான். அணையில ஒரு பக்கமாக் கல்லு பதிச்சு ஒரு சரிவு கட்டிட்டா அதுங்களே ஏறிக்கும். ஆள் வேண்டாம்."

அந்தச் சரிவு ஒன்றுதான் அதற்கப்புறம் அவர் வாழ்க்கை. இருந்த ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போவார். கேட்டுக்கொண்ட அதிகாரி அடுத்த முறை போவதற்குள் மாற்றலாகியிருப்பார். புது ஆளிடம் முதலிலிருந்து சொல்லுவார். வருடக்கணக்கில் நடந்தது இது. கடைசியில் ஒரு வழியாக ஆள் அனுப்பினார்கள். சரிவு கட்டுமுன் ஆற்றில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து பார்க்க வேண்டுமாம். வந்தவள் குராமோச்சி என்கிற ஆராய்ச்சிக்காரி. நாற்பது வயதிருக்கும். இடுப்பளவு ரப்பர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பாள். ஹன்சாக்கிகளைப் பிடித்து, மரபணுச் சோதனைக்கு வாயைப் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிடுவாள்.

தெய்ஜி அண்ணனை அந்தக் கோடையில் பார்த்திருக்க வேண்டும்! அலமாரியில் அழுக்கேறிக் கிடந்த இரண்டாவது கோப்பையைக் கழுவி வைத்தார். என் வண்டியில் பிஸ்கட் வாங்கினார். அவர் பிஸ்கட் வாங்கி நான் பார்த்ததே இல்லை. குராமோச்சி அவர் ஊறப்போட்ட முள்ளங்கியைக் கடித்துக்கொண்டே ஹன்சாக்கி பற்றிக் கேட்பாள். இவர் வாயில் பல் தெரியப் பேசுவார். தூக்கிக்கொண்டு போகிற சமாசாரத்தை மட்டும் மூச்சுவிடவில்லை. சட்டம் தெரிந்தவளிடம் எப்படிச் சொல்வது? அந்த ஆகஸ்டிலும், விடியலில் அவளும் அவள் ஆட்களும் வருவதற்கு முன்னால், அடிபட்ட விலாவில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேஸ்திரியை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டார்.

இலையுதிர்காலத்தில் ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டு ஆராய்ச்சி முடிவைச் சொன்னார்கள். நாங்கள் பத்துப் பதினைந்து பேர், எல்லாம் கிழடு கட்டைகள். தெய்ஜி அண்ணன் கோட்டுப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நான்.

குராமோச்சி எழுந்து நின்றாள். முகம் சரியில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக அவள் சொன்னது இது.

"அணைக்குக் கீழ இருக்கறதுல பாதிக்கு மேல கலப்புங்க. ரொம்ப வருஷம் முன்னால, கீழ இருந்த ஒரு வெந்நீர் விடுதியில சமையலுக்குன்னு சீனாவுலேர்ந்து இதுலயே பெரிய வகையைக் கொண்டுவந்து தொட்டியில வெச்சிருக்காங்க. வெள்ளத்துல தொட்டி உடைஞ்சு ஆத்துல கலந்துடுச்சு. கலப்பா பொறந்தது சீக்கிரம் வளரும், பெருசா வளரும், நல்ல வளையா பார்த்துப் புடிச்சுக்கும். இப்படியே விட்டா இந்த ஆத்தோட சொந்த ஹன்சாக்கி இல்லாமலே போயிடும்."

கலப்பு, அசல் என்று மனுஷரைப் பிரித்துப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஆனால் இது அந்தப் பேச்சில்லை. பல்லாயிரம் வருடமாக இந்தத் தண்ணீரில் இருந்த ஒன்று, திரும்பக் கொண்டுவர முடியாதபடி தீரப்போகிறது என்கிறாள்.

"ஆனா ஒரு நல்ல விஷயம். அணைக்கு மேல இருக்கறதெல்லாம் இன்னும் அசல்தான். இந்த அணைதான் தடுத்துக் காப்பாத்தியிருக்கு. அதனால சரிவு கட்ட முடியாதுங்க. கட்டவே கூடாது." தெய்ஜி அண்ணன் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "ஒரு இடத்துலதான் புரியலை. ஒகுதானி வயலை ஒட்டி, நாலஞ்சு குஞ்சு கலப்பா இருக்கு. தாயோ தகப்பனோ கீழேர்ந்து வந்திருக்கணும். ஆனா இந்த அணையை எந்த ஹன்சாக்கியாலயும் ஏற முடியாது. எப்படிப் போச்சுன்னு உங்க யாருக்காவது தெரியுமா?"

ஊர்த்தலைவர் இஷிமுரே மேல்கூரையை ஆராய்ந்தார். ஒருவர் இருமினார். பக்கத்தில் கோட்டு அசைந்தது. சட்டென்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருண்ணே" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் எழுந்துவிட்டார்.

"அது ஏறலைங்க. நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

"வயசாயிடுச்சு, பாவம். ஏதோ உளர்றாரு" என்றார் இஷிமுரே அவசரமாக. "போன மாசம்கூட என்னை என் அப்பான்னு நெனைச்சுப் பேசினாரு."

"உளறலை, இஷிமுரே. உங்கப்பா உன்னைவிட அழகு, மாத்திப் பார்க்க மாட்டேன்." யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "அணை கட்டின வருஷத்துலேர்ந்து தூக்கறேன். இந்த ஆகஸ்ட்லயும் தூக்கினேன். மூக்கு உரிஞ்சு கிடந்துச்சுங்க, அதான். நல்லது பண்றேன்னு நெனைச்சேன்."

குராமோச்சிக்கு இனி இரண்டு வழி இருந்தது. புகார் கொடுக்கலாம், அல்லது அந்த வாக்கியத்தைக் காதில் வாங்காமல் விடலாம். அவள் நல்லவள்.

"அதுல ஒண்ணு இன்னும் மேல இருக்கா, உனோ ஐயா?" என்று மட்டும் கேட்டாள். "நாங்க தேடிப் பார்த்துட்டோம். வளை கிடைக்கலை."

நான் மனசுக்குள் அவரைக் கெஞ்சினேன். தெரியாதுன்னு சொல்லுண்ணே. ஒரே ஒரு வார்த்தை. அந்தக் கல்லடுக்குக்கு அடியில் இவர்கள் நூறு வருடம் தேடினாலும் கிடைக்காது.

"இருக்கு. நாளைக்கு வாங்க, காட்டறேன்."

மறுநாள் மேஸ்திரியின் வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். முடிவு வருகிற வரைக்கும் எனக்கு ஓர் அற்ப ஆசை இருந்தது. குஞ்சுகள் வேறெதற்கோ பிறந்தவையாக இருக்கலாம், மேஸ்திரி அசலாக இருக்கலாம். தெய்ஜி அண்ணனுக்கு அப்படி ஆசை எதுவும் இல்லை. "மேஸ்திரி அவ்வளவு பெருசு, நட்சுயோ. நான் அப்பவே யோசிச்சிருக்கணும்" என்றார். குராமோச்சி தொலைபேசியில் கூப்பிட்டாள். மேஸ்திரி கலப்புதான், ஆற்றில் விட்டுவைக்க முடியாதாம்.

அன்றைக்கு நான் அவரைச் சும்மா விடவில்லை. வண்டியின் கதவைக் கூடத் திறக்கவில்லை. வாசலிலேயே நின்று கத்தினேன்.

"யாரு உன்னைக் கேட்டா? இவ்வளவு பெரிய ஆத்துல ஒரு பொந்தை அவங்களால கண்டுபிடிச்சிருக்க முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் என்னத்துக்கு வாயைத் திறந்தே? உனக்கிருந்தது அது ஒண்ணுதானேண்ணே!"

"ஆமா, ஒண்ணுதான்." அவர் தன் கால் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்காக? எனக்குப் பேச்சுத்துணை வேணும்னு ஒரு ஆத்தையே கெடுக்க முடியுமா?"

வண்டியின் கதவைத் திறந்தேன். ஒரு டோஃபுவை எடுத்துக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

மேஸ்திரியை ஆராய்ச்சி நிலையத்துத் தொட்டிக்குக் கொண்டுபோக அவர்கள் வந்த அன்று தூறல். மேஸ்திரி வளையின் வாயில் தலையை நீட்டிக்கொண்டு கிடந்தது. உள்ளே முட்டைகள். கோத்த பாசிமணி மாதிரி சரம் சரமாக இருந்தன. அவற்றையும் எடுக்க வேண்டுமாம். முட்டைகளை என்ன செய்வீர்கள் என்று தெய்ஜி அண்ணன் கேட்டார். குராமோச்சி குனிந்து பெட்டியின் மூடியைத் திறந்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை. மேஸ்திரியைப் பிடிக்கத் தண்ணீரில் இறங்கிய ஆட்களை அது கடிக்க வந்தது. முட்டை இருக்கும்போது அது யாரையும் விடாது. அவர் அவர்களை ஒதுங்கச் சொன்னார். தானே இறங்கிக் குனிந்து, கைகளை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கினார். அவரை அது கடிக்கவில்லை.

பெரிய வேனுக்கு மேல்ரோடு போதாது, அது கீழே அணைக்குப் பக்கத்தில்தான் நின்றது. தொட்டியில் வைத்துத் தூக்கிப் போகிறோம் என்றார்கள்.

"பாதை வழுக்கும். உங்களுக்குப் பழக்கமில்லை" என்று சொல்லிவிட்டுக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டார்.

நான் பின்னாலேயே இறங்கினேன். இத்தனை வருடத்தில் அந்தப் பாதையில் அவர் சுமையோடு இறங்கியது அன்றைக்குத்தான். பாதி வழியில் பேச ஆரம்பித்தார். என்னிடம் இல்லை.

"போற இடத்துல தண்ணி எப்பவும் ஒரே குளிர்ச்சியா இருக்குமாம், மேஸ்திரி. நேரத்துக்கு மீன் போடுவாங்களாம். வெள்ளம் கிடையாது. ஏற வேண்டியதே கிடையாது." ஒரு வளைவில் கூடையைச் சரிசெய்துகொண்டார். "தப்பு உங்க மேல இல்லை. நீங்க வந்து நின்னீங்க, அவ்வளவுதான். தூக்கினது நான்."

வேனில் ஏற்றியபின் குராமோச்சி குனிந்து வணங்கினாள். வெகுநேரம் நிமிரவில்லை. இன்னும் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று தெய்ஜி அண்ணன் கேட்டார். முப்பது நாற்பது வருடம்கூட இருக்கலாம் என்றாள். "நல்லது" என்றார். வேன் போனபிறகும் காலிக் கூடையை முதுகிலிருந்து கழற்றாமல் நின்றார். நான்தான் கழற்றிவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் அதிகம் பேசவில்லை. வண்டி போனால் வருவார், வேண்டியதை வாங்குவார், உள்ளே போய்விடுவார். ஆற்றின் நிலைமை நன்றாக இருப்பதாகக் குராமோச்சி வசந்தத்தில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். மேலே இருந்த கலப்புக் குஞ்சுகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். மிச்சமெல்லாம் அசல். அதற்குச் சந்தோஷப்பட்டார், உண்மையாகவே. ஆனால் அவர் இருக்கும் பகுதியில் பெரியது எதுவும் மிஞ்சவில்லை. அந்த வளைக்கு வேறொன்று குடிவரப் பல வருடம் ஆகுமாம்.

போன் பண்டிகை வந்தது, போயிற்று. விளக்குகளை ஆற்றில் விட்டார்கள், கார்கள் கிளம்பின. அதற்கடுத்த வாரம் நான் காலையிலேயே சரக்கெடுத்துக்கொண்டு மலை ஏறும்போது, அணைக்குப் பக்கத்தில் பாறைமேல் தெய்ஜி அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். கீழே தண்ணீரில் மூன்று நாலு ஹன்சாக்கிகள் சுவரோடு ஒட்டிக் கிடந்தன. அவர் கூடை எதையும் கொண்டுவரவில்லை. சட்டை பனியில் நனைந்திருந்தது. விடியலுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

"இங்க என்னண்ணே பண்றே?"

"காவல். மூக்கு உரிஞ்சு கிடக்கறதைப் பார்த்தா யாருக்கும் மனசு கேக்காது. எவனாவது ஒண்ணைத் தூக்கி மேல கொண்டுபோய் விட்டுட்டா, அவ்வளவும் வீண்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சுற்றிலும் பார்த்தேன். ரோட்டில் என் வண்டியைத் தவிர ஒன்றுமில்லை. மலை முழுக்கப் பூட்டின வீடுகள்.

"இங்க யாருண்ணே இருக்கா, தூக்கறதுக்கு?"

அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் இருக்கேன்ல" என்றார்.